முதல் காசோலையோடு முடிந்துவிடுமா?

கேள்வி: நாங்கள் புளோரிடாவில், டாம்பாவுக்கு வடக்கே இருக்கிறோம். மில்டன் புயலில் கூரையின் ஒரு பக்கத்து ஷிங்கிள்கள் பிய்ந்துபோய், மகளின் அறை சீலிங் வழியாக மழைத் தண்ணீர் கொட்டியது. அதே இரவு தெருவில் ஏறிய வெள்ளம் கராஜுக்குள் புகுந்து வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், கார் மூன்றையும் பாழாக்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அட்ஜஸ்டர் வந்தார், தரையில் நின்றபடியே சில படங்கள் எடுத்தார், போய்விட்டார். சேதம் 14,200 டாலர் என்று மதிப்பிட்டு, 2,100 டாலருக்குக் காசோலை அனுப்பியிருக்கிறார்கள். கராஜுக்கு எதுவும் கிடையாதாம். காசோலையில் எங்கள் பெயரோடு வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் இருக்கிறது. அதை மாற்றிவிட்டால் க்ளெய்ம் முடிந்துவிடும் என்கிறார் என் கணவர். வாசலுக்கு வந்த ஒரு ரூஃபரோ, "கையெழுத்து மட்டும் போடுங்கள், டிடக்டபிளையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம், மகள் இங்கே பிறந்தவள். என்ன செய்யலாம்?

— வாசகி, புளோரிடா

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

காசோலையை மாற்றலாம். அதனால் க்ளெய்ம் முடிந்துவிடாது. ஒன்றை மட்டும் பாருங்கள்: கூட வந்த கடிதத்திலோ காசோலையின் பின்புறத்திலோ "இதுவே முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருளில் ஏதாவது எழுதியிருந்தால், அல்லது அப்படியொரு தாளில் கையெழுத்துக் கேட்டால், போடாதீர்கள். அது இல்லையென்றால் இது முதல் தவணைதான். உங்கள் கணவருக்கு இருக்கும் பயம் பல குடும்பங்களில் உண்டு. அந்தப் பயத்திலேயே சேரவேண்டிய பணத்தை விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

14,200 எப்படி 2,100 ஆனது? நீங்கள் அனுப்பிய பாலிசித் தாளில் கட்டடத்துக்கு 4,50,000 டாலர் காப்பு, புயல் டிடக்டபிள், அதாவது நீங்களே ஏற்கவேண்டிய பங்கு, 2 சதவீதம் என்று இருக்கிறது. பலரும் இதைச் சேதத்தில் 2 சதவீதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, கட்டடக் காப்புத் தொகையில் 2 சதவீதம். அதுவே 9,000 டாலர். கூரை பழையது என்று தேய்மானம் 3,100 கழித்திருக்கிறார்கள். இரண்டும் போக மிஞ்சியது 2,100. இந்த 3,100 போன பணம் அல்ல. புதிதாக மாற்றும் விலைக்குக் காப்பு உள்ள பாலிசியாக இருந்தால், வேலை நடக்க நடக்க பில்லைக் காட்டி அதையும் வாங்கிக்கொள்ளலாம். சில பாலிசிகளில் கூரைக்கு மட்டும் தேய்மானம் போகத்தான் தருவோம் என்று தனியாக ஒரு இணைப்பு இருக்கும். உங்களுடையதில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மில்டனுக்கு இரண்டு வாரம் முன்னால், செப்டம்பர் 26 அன்று ஹெலீன் வந்ததே, அதில் வேலி சாய்ந்தது, ஓரிரு ஷிங்கிள் போனது என்று காற்றால் ஏதாவது சேதம் இருந்ததா? புளோரிடாவில் புயல் டிடக்டபிள் ஒரு காலண்டர் ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கு. ஹெலீன் சேதத்தில் எவ்வளவு கழிந்ததோ அது போக மீதியையோ, பாலிசியின் சாதாரண டிடக்டபிளையோ, இரண்டில் எது பெரிதோ அதைத்தான் மில்டனுக்குக் கழிக்க வேண்டும். ஆனால் அந்தச் சேதத்தையும் கம்பெனிக்குத் தெரிவித்து, ரசீது காட்டியிருக்க வேண்டும். டிடக்டபிளைத் தாண்டவில்லையே என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது 14,200 என்ற மதிப்புக்கே வருவோம். உங்கள் வேலை இங்கேதான் இருக்கிறது. அந்த மதிப்பீட்டை வரி வரியாகப் படியுங்கள். மகளின் அறைக்கு "சீலிங், பெயின்ட்" என்று மட்டும்தான் அட்ஜஸ்டர் போட்டிருக்கிறார். சீலிங்குக்கு மேலே, அட்டிக்கில் இருக்கும் இன்சுலேஷன் நனைந்திருக்குமே, அது எங்கே? சுவரின் அடிப்பகுதியில் ஈரம் இறங்கியதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாரா? ஷிங்கிளுக்கு அடியில் இருக்கும் பலகை ஊறிப்போயிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அதற்கும் கவுண்டி பெர்மிட் கட்டணத்துக்கும் மதிப்பீட்டில் ஒரு வரிகூட இல்லை. பாதிக் கூரைக்கு மட்டும் புது ஷிங்கிள் போட்டு நிறமோ அளவோ ஒட்டாமல் போனால், பாலிசி வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஒட்டிய பகுதிகளையும் நியாயமான அளவுக்குச் சரிசெய்ய வேண்டும் என்று புளோரிடா சட்டம் சொல்கிறது.

லைசன்ஸ் உள்ள ஒரு ரூஃபரைக் கூரைமேல் ஏறச் சொல்லி, காற்று மடக்கிய ஷிங்கிள்களையும் ஆணி பிடுங்கிய இடங்களையும் பக்கத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். இந்தப் படங்கள்தான் முக்கியம். காற்று முதலில் கூரையைத் திறந்து, அந்தத் திறப்பு வழியாக மழை உள்ளே வந்தால்தான் உள்சேதத்துக்குப் பணம். பழைய கூரை ஒழுகியது என்று அவர்கள் சொல்ல இடம் கொடுத்துவிடாதீர்கள். படங்கள், உருப்படி உருப்படியான எஸ்டிமேட், விடுபட்டவற்றைச் சுட்டும் ஒரு கடிதம் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசினால் பேசியதை அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள். மேலும் நனையாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு; தார்ப்பாய் போட்ட செலவுக்கு ரசீது வையுங்கள். நனைந்த ஜிப்சம் பலகையைப் படம் எடுக்காமல் தூக்கி எறியாதீர்கள்.

மில்டன் கரையேறியது 2024 அக்டோபர் 9. முடிந்த க்ளெய்மைத் திறக்க அந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு, விடுபட்டதைச் சேர்த்துக் கேட்க 18 மாதம், அதாவது 2026 ஏப்ரல் 9 வரை. நீங்கள் கேட்டதிலிருந்து 60 நாளுக்குள் கம்பெனி பணம் தரவேண்டும் அல்லது மறுக்கவேண்டும். மறுத்தால் மாநில நிதித்துறை நடத்தும் மத்தியஸ்தத்துக்குப் போங்கள்; செலவு கம்பெனியுடையது. நேராக வக்கீலிடம் போகாதீர்கள் என்கிறேன். 2022 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு எடுத்த பாலிசிகளில், நீங்கள் வழக்கில் ஜெயித்தாலும் வக்கீல் கட்டணத்தைக் கம்பெனி தலையில் கட்டமுடியாது. உங்கள் தரப்பில் சேதத்தை மதிப்பிட்டுப் பேசும் பப்ளிக் அட்ஜஸ்டரை வைப்பதானால், அவசரநிலை அறிவித்த புயலுக்கு முதல் ஓராண்டில் அவர் கமிஷன் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஏற்கெனவே வந்த 2,100க்குக் கமிஷன் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

வாசலுக்கு வந்த ரூஃபரை அனுப்பிவிடுங்கள். டிடக்டபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது புளோரிடாவில் கிரிமினல் குற்றம். விசாவில் இருக்கும் குடும்பம் அந்தப் பேச்சின் பக்கமே போகக்கூடாது. வேறு யாரை வைத்தாலும் மாநில இணையதளத்தில் லைசன்ஸ் எண்ணைச் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

காசோலையில் வங்கியின் பெயர் இருப்பது வழக்கம்தான். அடமானம் அவர்களிடம் இருக்கிறதே. வங்கியில் இன்ஷூரன்ஸ் பணத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கும். தொகை சிறியதாக இருந்தால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெரிதானால் வைத்துக்கொண்டு, வேலை நடக்க நடக்க விடுவார்கள். ரூஃபரோடு தேதி பேசுவதற்கு முன்பே அவர்கள் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கராஜ் விஷயத்தில் கம்பெனி சொல்வது சரி என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. மேலிருந்து வந்த மழை வேறு, தரையில் ஏறிவந்த வெள்ளம் வேறு. சாதாரண வீட்டுக் காப்பு வெள்ளத்துக்குக் கிடையாது. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு மிசிசிப்பிக் கரையில் காற்றா தண்ணீரா என்று பெரிய வழக்குகளே நடந்தன. அமெரிக்க செனட்டர் டிரென்ட் லாட்கூடத் தன் வீட்டுக்காகக் கம்பெனிமேல் வழக்குப் போட்டார். ஆகவே கடிதத்தில் இரண்டு சேதத்தையும் கலக்காமல் எழுதுங்கள். "வீட்டுக்குள் வெள்ளம்" என்று பொதுவாக எழுதினால், சீலிங் க்ளெய்மையும் அந்த வார்த்தை கெடுத்துவிடும்.

காருக்கு வழி இருக்கிறது. கார் பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் இருந்தால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும். வாட்டர் ஹீட்டருக்கு, மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவிடம் விண்ணப்பியுங்கள். எச்1பிக்காரர்களுக்கு ஃபீமா பணம் இல்லை என்று கேள்விப்பட்டுச் சும்மா இருப்பவர்கள் நிறையப் பேர். உங்கள் பெயரில் இல்லைதான். ஆனால் அமெரிக்கக் குடிமகளான மகள் உங்களோடு அதே வீட்டில் இருக்கிறாள், சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறது என்றால், அவள் சார்பாகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இன்ஷூரன்ஸ் தராது என்ற மறுப்புக் கடிதத்தை அதோடு இணைக்க வேண்டும், எனவே அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பக் கெடு குறுகியது. இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அடுத்த முறை வெள்ளம் வந்தால் இப்படிக் கைவிரிக்க நேராமலிருக்க, தனி வெள்ளக் காப்பு எடுங்கள். தேசிய வெள்ளக் காப்புத் திட்டத்தில் வீட்டுக்கு 2,50,000 டாலர் வரை, உள்ளிருக்கும் பொருளுக்கு 1,00,000 வரை எடுக்கலாம். புதிதாக எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்குகிறது, ஆகவே ஏப்ரல் முடிவதற்குள் எடுத்துவிடுங்கள்.