பட்டப்படிப்பின் இறுதியாண்டு

நம் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் புகுவோரை ஆண்டுதோறும் மாலையிட்டு மேடையேற்றிப் பாராட்டுகின்றோம். புகுந்தவர் எவ்வாறு வெளியேறினர் என வினவுவோர் நம்மிடையே மிகச் சிலரே. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலத்திற் பட்டதாரி என்ற பெயரே உத்தியோகத்துக்குப் பெரும்பாலும் போதுமானதாயிருந்தது. 1974இல் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரி இருந்த வளவிலே யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பெற்றது. அதன்பின் வீட்டிலிருந்து சைக்கிளிற் சென்று பட்டம் பெற்றோர் பல்லாயிரவர். பட்டதாரிகள் பெருகப் பெருக, எந்த வகுப்பிற் சித்தியெய்தினர் என்ற கேள்வியும் உடன் எழுகின்றது. அவ்வகுப்பினை உயர்த்தவோ இழக்கவோ எஞ்சியுள்ள கடைசி வாய்ப்பு இறுதியாண்டே. ஆதலின் அவ்வாண்டினைக் கடக்கும் நம் இளைஞர்க்குச் சில செய்திகளை ஈண்டு கூற விரும்புகின்றோம்.

பீடம் வழங்கும் கைந்நூலை முதலாண்டில் வாங்கி அலுமாரியில் வைத்தவர்கள் அதனை இப்பொழுதாவது எடுத்துப் படித்தல் வேண்டும். நம் நாட்டிற் பெரும்பாலும் வழங்கும் அளவின்படி, 4.00 என்னும் உச்சத்துக்கு 3.70 சராசரி பெற்றோர் முதல் வகுப்பிலும், 3.30 பெற்றோர் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவிலும், 3.00 பெற்றோர் அதன் கீழ்ப்பிரிவிலும் அடங்குவர். தம் சராசரி எங்கே நிற்கின்றது என்பதை இறுதியாண்டின் முதல் வாரத்திலேயே கணக்கிட்டுப் பார்த்தவர், எப்பாடத்தில் எவ்வளவு உழைத்தல் வேண்டுமென்பதை அறிவார். ஏனையோர் பெறுபேறு வெளிவந்த பின்னரே அறிவர்.

கைந்நூலில் இன்னொன்றும் உண்டு. ஒரு பாடத்துக்கு மீளத் தோற்றுவோர் எத்துணை நன்றாக எழுதினும், பெரும்பாலான பீடங்களில் ‘சி’ தரத்துக்கு மேல் அவர்க்குக் கிடைப்பதில்லை. ஆனால், நோய் காரணமாகத் தோற்றாதவர் உரிய நாளுக்குள் வைத்தியச் சான்றிதழைச் சமர்ப்பித்து அதனைப் பீடம் ஏற்றுக்கொண்டால், அவர் பின்னர் எழுதும் பரீட்சை முதல் முறை தோற்றியதாகவே கொள்ளப்படும். டெங்குக் காய்ச்சலிற் படுத்த இருவருள், வீட்டாரைக் கொண்டு அச்சான்றிதழை அனுப்புவித்தவர் தம் வகுப்பினைக் காத்துக்கொள்கின்றார். பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்றிருந்தவர் அதனை இழக்கின்றார். அறிவில் இருவரும் ஒத்தவராயிருத்தல் கூடும். எத்தனை நாள் தவணை, யாரிடம் கொடுத்தல் வேண்டும் என்பவற்றை நல்ல உடல்நலத்தோடிருக்கும்போதே அறிந்து வைத்தல் நலம். பல பீடங்களில் விரிவுரைக்கு நூற்றுக்கு எண்பது வீத வரவு வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

இனி ஆய்வுக் கட்டுரை. சிறப்புப் பட்ட மாணவரை மிகவும் வருத்துவது இதுவே. எனவே இதுபற்றிச் சற்று விரித்துரைப்போம். நம்மவர் செய்யும் பெருந்தவறு பெரிய தலைப்பை எடுத்தலாகும். ‘யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாறு’ என்று ஒருவர் தலைப்பிட்டால், அஃது ஓராண்டில் முடியாது. பத்தாண்டிலும் முடியுமோ என்பது ஐயமே. அதே விருப்பத்தைச் சுருக்கிப் பார்ப்போம். 1960 வரை சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் முகாமையிலிருந்து, பின் அரசாங்கம் பொறுப்பேற்ற கிராமத்துப் பாடசாலை ஒன்றினை எடுத்துக்கொள்ளலாம். பொறுப்பேற்றலுக்கு முந்திய பத்தாண்டிலும் பிந்திய பத்தாண்டிலும் எத்தனை பெண்பிள்ளைகள் சேர்ந்தனர், எவ்வகுப்பில் விலகினர், விலகியமைக்குக் காரணம் என்னவென்று எழுதப்பட்டுள்ளது என்பனவே வினா. சேர்வு இடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் அப்பாடசாலையின் அலுமாரியிற் கிடக்கலாம். அதிபரிடம் அனுமதி பெற்று மூன்று வாரம் இருந்து பிரதி செய்தால், வேறெவரும் எழுதாத கட்டுரை ஒன்று எழுதிவிடலாம். கறையான் முந்திக்கொண்டிருப்பின் வேறு பாடசாலையைத் தேடவேண்டியதுதான். அதனாலேயே தலைப்பினை உறுதி செய்யுமுன் மூலங்கள் உள்ளனவா என்று நேரிற் சென்று பார்த்தல் வேண்டும் என்கின்றோம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எனினும் இன்று தேடுவோர்க்குத் துணைகள் உள. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும், இத்தகைய கல்லூரி மலர்களுங்கூட, கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. படிக்கும்போதே நூலாசிரியர், ஆண்டு, பக்கம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளாதவர், கடைசி மாதத்தில் ஒரு பக்க எண்ணுக்காக ஒரு நாளைச் செலவிடுவர்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் பந்தி பந்தியாக எழுதித் தருகின்றன. இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்கமும் பிழையற்றன போலக் கொடுப்பதும் அவற்றின் இயல்பு. கையில் எடுத்துப் பாராத நூலை உசாத்துணைப் பட்டியலிற் சேர்த்தலாகாது. வாய்மொழிப் பரீட்சையில் அந்நூலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாற் போதும். தட்டெழுதுதலிலும் எச்சரிக்கை வேண்டும். பாமினி எழுத்துருவில் ஓர் அதிகாரமும் ஒருங்குறியில் மற்றோர் அதிகாரமுமாக அடித்துவிட்டுச் சமர்ப்பிக்கும் வாரத்தில் அச்சு நிலையத்து வாசலில் நிற்போரை ஆண்டுதோறும் காணலாம். தொடக்கத்திலேயே ஒருங்குறியில் அடித்து, பிரதியினை இரண்டு மூன்று இடங்களிற் சேமித்து வைப்பின் இத்தொல்லை இல்லை.

மேற்பார்வையாளரைக் காணாமல் ஒளிந்து திரிதல் ஒரு தனி நோய். எழுதாமையாற் சந்திக்க நாணுகின்றார். சந்தியாமையால் எழுத இயலாதவராகின்றார். இப்படியே மூன்று மாதம் கழியும். எழுதியது இரண்டு பக்கமாயினும் அதனைக் கொண்டு செல்க. ஒன்றும் எழுதவில்லையாயின், எங்கே தடைப்பட்டது என்று ஒரு தாளிற் குறித்துக்கொண்டு செல்க. மாணாக்கர் தடுமாறுவது ஆசிரியர்க்குப் புதிதன்று. சொல்லாமல் மறைந்துவிடுவோர்க்கே அவராலும் உதவ இயலாது.

மறைந்துவிடுவோருட் பலர் சோம்பேறிகள் அல்லர். தந்தையின் உழைப்பு நின்றமையால் மாலையில் ரியூசன் வகுப்புகளிற் கற்பித்து வீட்டைத் தாங்குவோர் உளர். மகாபொல உதவிப்பணம் பிந்தும் மாதத்தில் அறை வாடகைக்கு அல்லற்படுவோர் உளர். உறக்கமின்றி, உணவிற் பற்றின்றி, எவரோடும் பேசாது அறையுள் அடைந்து கிடப்போரும் உளர். பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்களும் வைத்திய நிலையமும் இருப்பது இவர்களுக்காகவே. அங்கே செல்வதைக் குறைவாகக் கருதும் மனப்பான்மை நம் ஊரில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. நண்பன் ஒருவன் இரண்டு வாரமாக விரிவுரைக்கு வரவில்லையெனில், தொலைபேசியில் அழைத்துப் பார்ப்பதோடு நில்லாது, அவன் அறைக்கதவைத் தட்டுக. பெற்றோரிடத்தும் ஒரு வேண்டுகோள்: உத்தியோகம் எப்போது என்ற கேள்வியைப் பரீட்சை முடியும்வரை ஒத்திவைப்பாராக.

உத்தியோகத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்வோம். அரச சேவையிற் சேர்வோர் குறித்த காலத்துட் சிங்களத் தேர்ச்சி பெறவேண்டியிருத்தலின், இறுதியாண்டின் விடுமுறையிலேயே அதனைத் தொடங்குவோர்க்குப் பின்னர்ப் பாரம் குறையும். பெறுபேற்றுப் பத்திரத்தின் ஆங்கிலப் பிரதிகள் சிலவற்றையும் ஒருங்கே பெற்று வைத்தல் நன்று. நற்சான்றுக் கடிதம் வேண்டுவோர், முடிவு நாளுக்கு முன்னாள் மாலையிற் பேராசிரியரின் வாசலில் நில்லாது, இரண்டு வாரம் முன்னரே விண்ணப்பப் பிரதியுடன் சென்று கேட்டல் வேண்டும்.

பழைய மாணவர் சங்கத்தார் செய்யத்தக்க உதவியும் ஒன்று உண்டு. பணமுடிப்பினும் அது பெரிதென எண்ணுகின்றோம். நம் மாணவன் ஒருவன் தன் கட்டுரைக்காகக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்குச் செல்ல நேரின், அவனைத் தடுப்பது பெரும்பாலும் பஸ் கட்டணம் அன்று. ஒரு வாரம் தங்குவதற்கு இடம் இல்லாமையே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர் பத்துப்பேர், ஆளுக்கு ஒரு வாரம் ஒரு மாணவனுக்கு அறையும் இராச் சாப்பாடும் கொடுக்க இசைந்து, தம் பெயர்களைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து வைத்தால், ஓராண்டிற் பத்து மாணவர் சுவடிகளைக் கண்ணாற் கண்டு எழுதுவர். செல்லும் மாணவன் துறைத் தலைவரின் அறிமுகக் கடிதத்தையும், பார்க்க வேண்டிய சுவடிகளின் பட்டியலையும் முன்னதாகவே ஆயத்தஞ் செய்து கொண்டு போவானாக.