ஐந்து சொற்களில் ஒரு பாடம்



குறுக்கெழுத்துப் புதிரைப் பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுகின்றனர். ஆசிரியர் அதனை ஒரு கற்பித்தல் கருவியாகவும் காண்பார். விடையைச் சொல்லிக் கொடுத்தால் மாணவர் கேட்டுக்கொள்வர். விடையைத் தேட வைத்தால் மறக்கமாட்டார். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதல் பாடங்களுள் இதுவும் ஒன்று. நம் சமய வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கவும் இம்முறை பெரிதும் உதவும்.

இப்புதிரின் பிறப்பு அண்மைக் காலத்தது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ என்னும் அமெரிக்க நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் முதற்புதிரை வெளியிட்டார். அது சதுரமாக இல்லை. வைர வடிவில் இருந்தது. பின்னர் இவ்விளையாட்டு உலகெங்கும் பரவித் தமிழ் இதழ்களுக்கும் வந்தது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், தமிழிலோ 247. ஆதலால் தமிழ்ப் புதிரில் ஓர் உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி பெற்ற மெய்க்கு ஒரு கட்டம். ‘ண’ வேண்டிய கட்டத்தில் ‘ண்’ எழுதினால் புதிர் நிறைவுறாது. இங்கேயே எழுத்துப் பயிற்சி தொடங்கிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பரிசுப் பணத்திற்காகக் கட்டணம் கட்டி விளையாடும் போட்டிகள் ஒரு காலத்தில் நம் நாட்டில் பெருகின. அவற்றைக் கட்டுப்படுத்த 1955 ஆம் ஆண்டில் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு மாதத்தில் அளிக்கும் பரிசுகளின் மொத்த மதிப்பு 1,000 ரூபாயைக் கடக்கலாகாது என அது வரையறுத்தது. அறிவை நம்பாமல் அதிர்ஷ்டத்தை நம்பும் விளையாட்டு சூதின் பாற்படும். சூதோ நாம் விலக்க வேண்டிய ஏழு வியசனங்களுள் முதலாவது. ஆகவே இல்லத்தில் பந்தயமின்றி, பரிசின்றி, கூடி அமர்ந்து விடை காண்பதே முறை.

இனிப் புதிருக்கு வருவோம். ஒரு தாளில் பத்து நெடுவரிசையும் ஆறு குறுக்குவரிசையும் கொண்ட கட்டங்களை வரைந்துகொள்க. நெடுவரிசைகளை இடப்புறத்திலிருந்து எண்ணுக. குறிப்புகள் வருமாறு. அடைப்புக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை.

1. மேலிருந்து கீழ், நான்காம் நெடுவரிசையின் முதற்கட்டத்திலிருந்து (6): பட்டாசுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற சிவகாசியை அடுத்த ஊர், ‘எம்.’ என்னும் முதலெழுத்து முன்னே நிற்கும்.

2. இடமிருந்து வலம், முதல் வரிசையின் ஆறாம் கட்டத்திலிருந்து (5): தீர்த்தங்கரர் சிற்பங்கள் நிறைந்த குன்று, பெயரில் ஒரு பறவை உண்டு.

3. மேலிருந்து கீழ், எட்டாம் நெடுவரிசையின் முதற்கட்டத்திலிருந்து (4): சமணப் பெண் ஆசிரியரைக் கல்வெட்டுகள் அழைக்கும் பெயர்.

4. இடமிருந்து வலம், நான்காம் வரிசையின் நான்காம் கட்டத்திலிருந்து (5): நன்னூல் இயற்றிய முனிவர்.

5. இடமிருந்து வலம், ஆறாம் வரிசையின் முதற்கட்டத்திலிருந்து (4): விருதுநகர் மாவட்டத்தில் பழைய சமணப் பள்ளி விளங்கிய ஊர்.

விடைகளைப் படிக்குமுன் பென்சிலை எடுத்து முயன்று பாருங்கள்.

முதலில் ஐயமற்ற விடையை நிரப்புவதே நல்ல முறை. நான்காம் குறிப்புக்கு விடை ‘பவணந்தி’. இவர் 13 ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டுகோளுக்கு இணங்க நன்னூலை ஆக்கினார். எழுத்து இத்தனை, அவற்றின் வகை இவை என நம் பள்ளிகளில் நெடுங்காலம் கற்பித்த இலக்கணம் அதுவே. தமிழ்நாட்டு மாணவர் பல தலைமுறையாக ஒரு சமண முனிவரிடம் இலக்கணம் கற்றனர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாம் குறிப்புக்கு விடை ‘கழுகுமலை’. கோவில்பட்டிக்கு அருகில், தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. அங்கே பாறையில் ஏறத்தாழ 150 புடைப்புச் சிற்பங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா இயக்கி ஆகியோரை அங்கே காணலாம். பாண்டியர் காலத்தில், 8, 9 ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை அவை. கீழே பொறித்த வட்டெழுத்துகள், எச்சிற்பத்தை எவ்வூரார் செய்வித்தனர் எனக் கூறுகின்றன. அரசர் மட்டுமே அறம் செய்தனர் என எண்ணுவோர்க்கு அக்குன்று நல்ல விடை. எளிய குடிமக்கள் பலரின் கொடையே அங்கு நிற்கிறது.

இப்போது மூன்றாம் குறிப்பைப் பாருங்கள். கழுகுமலையின் ‘கு’ மேலே வந்துவிட்டது. பவணந்தியின் ‘தி’ கீழே வந்துவிட்டது. நடுவில் இரண்டு கட்டங்கள். விடை ‘குரத்தி’. குரவர் என்பதன் பெண்பால் அது. இதில் இடையின ரகரமே வரும். வல்லின றகரம் இட்டால் குறிஞ்சி நிலப் பெண்ணைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடும். அக்கட்டத்தை வேறு சொல் எதுவும் வெட்டவில்லை. ஆகவே பொருள் உணர்ந்தவரே பிழையின்றி எழுதுவர்.

இச்சொல் கழுகுமலைக் கல்வெட்டுகளில் பலமுறை வருகிறது. நம் குடும்பங்கள் மிகுதியாக வாழும் வந்தவாசிப் பகுதியிலும் அதற்குச் சான்று உண்டு. வேடால் கல்வெட்டு, முதலாம் ஆதித்த சோழனின் 14 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கனகவீரக் குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவளிக்க ஊரார் பொறுப்பேற்றதை அது தெரிவிக்கிறது. ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் கற்றனர், கற்பித்தனர், ஊரார் அவர்களைப் போற்றினர். பெண் குழந்தைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்த எண்ணும் பெற்றோர் இவ்வொரு சொல்லை நினைவிற் கொள்க.

முதற்குறிப்புக்கு விடை ‘புதுப்பட்டி’. பட்டி என்பது ஆநிரை அடைக்கும் இடம். பின்னர்ச் சிற்றூருக்கும் ஆகி வந்தது. புதுப்பட்டி எனும் பெயர் கொண்ட ஊர்கள் பல இருத்தலின் முதலெழுத்தால் பிரித்துரைப்பர். இதே மாவட்டத்தில் வ. புதுப்பட்டி என்றோர் ஊரும் உண்டு. இச்சொல்லின் நான்காம் எழுத்தாகிய ‘ப’, பவணந்தியின் முதலெழுத்தோடு பொருந்துகிறது. அதன் ஈற்றெழுத்து ‘டி’.

அந்த ‘டி’ ஒன்றுதான் ஐந்தாம் குறிப்புக்குக் கிடைக்கும் துணை. விடை ‘குறண்டி’. இக்காலத்தில் குரண்டி என்றும் எழுதுவர். மதுரைக்கு அருகிலுள்ள சமணமலைக் கல்வெட்டுகள் இதனை வெண்பு நாட்டுத் திருக்குறண்டி என்று குறிக்கின்றன. திருக்காட்டாம்பள்ளி என்னும் பெயர்பெற்ற பள்ளி இங்கு விளங்கியது. இவ்வூரைச் சேர்ந்த அஷ்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர், அவருக்கும் மாணாக்கர் என ஆசிரிய மரபு கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அஷ்டோபவாசி என்பது எட்டு நாள் உண்ணா நோன்பு ஏற்றவர் எனப் பொருள்படும்.

எம். புதுப்பட்டியும் குறண்டியும் ஒரே மாவட்டத்து ஊர்கள். சிவகாசி என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும் நாட்காட்டியும் நினைவுக்கு வருகின்றன. அதே மாவட்டத்தில் நம் முனிவர் பலரை உருவாக்கிய கல்விக்கூடம் இருந்தது நினைவுக்கு வருவதில்லை. தென்பாண்டி நாட்டில் இன்று தமிழ்ச் சமணர் மிகச் சிலரே. சொல்ல ஆள் இல்லாதபோது பெயர் மறைகிறது. பெயர் மறைந்த இடத்தைக் காக்க எவரும் முன்வரார்.

பெயர் அறிந்த இடத்திற்கு என்ன நேரும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி சான்று. தமிழ்பிராமிக் கல்வெட்டும் மகாவீரர் சிற்பமும் உடைய அவ்வூர், 2022 இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 இல் அப்பகுதியில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க ஏலம் விடப்பட்டபோது, சுற்றுப்புற ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் நடுவணரசு அந்த ஏலத்தை நீக்கியது. தம் மலையின் சிறப்பை அறிந்திருந்தமையால் அவர்கள் குரல் கொடுத்தனர்.

புதிர் மற்றொன்றையும் உணர்த்துகிறது. இரு சொற்கள் சந்திக்கும் கட்டத்தில், ஒரு பக்கத்துக் குறிப்பை மட்டும் பார்த்தவர் தவறக்கூடும். இரு பக்கமும் பார்த்தவரே உறுதி பெறுவர். பொருளைப் பல நோக்கில் ஆராய்க என்னும் அநேகாந்தக் கொள்கையைக் குழந்தைகளுக்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு அரிது.

நன்னூலார் கடை மாணாக்கருக்கு நெய்யரியை உவமை கூறுவார். அது நெய்யை ஒழுகவிட்டு அழுக்கைப் பற்றிக்கொள்ளும். கட்டத்தை நிரப்பிவிட்டுச் செய்தியை மறப்பவர் அவ்வகையினர். பாலைப் பிரித்தெடுக்கும் அன்னம் போல் இருப்பதே முதல் மாணாக்கர் இயல்பு.

பயிற்சி:

1. ஐந்து சொற்களின் எழுத்துகளைக் கூட்டினால் 24. பொதுக் கட்டங்கள் நான்கு. நிரம்பிய கட்டங்கள் எத்தனை?

2. தீர்த்தங்கரர் இருபத்து நால்வருள் ஐவர் பெயரைக் கொண்டு நீங்களே ஒரு புதிர் அமைக்க.

3. உங்கள் ஊரை அடுத்த சமணக் குன்று அல்லது கோயில் ஒன்றின் பெயரை எழுதி, அதற்கு ஒருவரியில் குறிப்பு வரைக. வரும் விடுமுறையில் குடும்பத்தோடு அங்குச் சென்று, குறிப்பு சரியா எனக் கண்டு வருக.

அறம் வளர்க!