உலாவி சொல்வதை எல்லாம் நம்பலாமா?

20 மதிப்பெண்ணுக்கு நடத்திய தேர்வில் ஒரு மாணவன் 25 மதிப்பெண் பெற்றிருந்தான். வினாத்தாள் தயாரித்தவன் நான், திருத்தியது கணினி.

12ஆம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்துக்காக, 20 ஒரு மதிப்பெண் வினாக்கள் கொண்ட வலைப்பக்கம் ஒன்றை உருவாக்கியிருந்தேன். ஆய்வகத்தில் ஒரு கணினியைச் சேவையகமாக வைத்து, மற்றவற்றை அதனுடன் இணைத்திருந்தேன். மாணவர்கள் விடைகளைத் தேர்ந்தெடுத்து ‘மதிப்பிடு’ பொத்தானை அழுத்தியதும், ஜாவாஸ்கிரிப்ட் மதிப்பெண்ணைக் கணக்கிட்டுப் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலத்தில் எழுதிவிடும். ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினால் அந்த எண் சேவையகத்தில் உள்ள பி.எச்.பி. நிரலுக்குப் போய், தரவுத்தளத்தில் பதிவாகும்.

பட்டியலில் 25 என்று பார்த்ததும் கோபம் வந்தது. “யார் செய்த வேலை இது?” என்றேன். சற்று நேரம் கழித்து ஒருவன் எழுந்தான்.

“சார், இன்ஸ்பெக்ட் கொடுத்துப் பார்த்தேன். மார்க் அங்கேயே எழுதியிருந்துச்சு. மாத்தி அனுப்பினேன். போயிடுச்சு.”

திட்ட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அவன் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. விடைத்தாளையும் மதிப்பெண் பட்டியலையும் அவன் கையிலேயே கொடுத்து, “நீயே போட்டுக்கொண்டு வா” என்று அனுப்பியவன் நான்தான். அன்றைய பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.

இரண்டு இடங்கள், ஒரு சீட்டு

நம் மாணவர்கள் ஜாவாஸ்கிரிப்ட்டை 11ஆம் வகுப்பிலும் பி.எச்.பி.யை 12ஆம் வகுப்பிலும் படிக்கிறார்கள். இரண்டையும் ஒரே கோப்பில் எழுதும்போது, ஜாவாஸ்கிரிப்ட் மாறியில் உள்ள மதிப்பை அடுத்த வரியில் பி.எச்.பி. எடுத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நடக்காது. பி.எச்.பி. சேவையகத்தில் ஓடி முடிந்து, பக்கம் உலாவிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஜாவாஸ்கிரிப்ட் கண் விழிக்கிறது. அதனிடம் உள்ள மதிப்பு சேவையகத்துக்குப் போக வேண்டுமானால், புதிய கோரிக்கை ஒன்றை அனுப்பியாக வேண்டும்.

இதைக் கணினி இல்லாமலே நடத்திக் காட்டலாம். ஒரு மாணவியை வகுப்புக்குள் ‘உலாவி’யாகவும், ஒரு மாணவனை வராந்தாவில் ‘சேவையக’மாகவும் உட்கார வைத்தேன். விதிகள் மூன்று. எட்டிப் பார்க்கக் கூடாது. சீட்டில் எழுதி மட்டுமே கேட்கலாம். பதில் எழுதிக் கொடுத்ததும் சேவையகம் அந்தச் சீட்டை மறந்துவிட வேண்டும். மூன்றாவது சீட்டு போனபோது வராந்தாவிலிருந்து குரல் வந்தது: “சார், இது யார் அனுப்பின சீட்டுன்னே தெரியலையே!” அடையாளம் ஏன் தேவை என்பது அப்போதே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சீட்டு போகும் வழிகள்

கெட் முறையில் தரவு முகவரியின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு போகும், அஞ்சலட்டை மாதிரி. தேடலுக்கு அது போதும், கடவுச்சொல்லுக்கு ஆகாது. போஸ்ட் முறையில் தரவு கோரிக்கையின் உள்ளே போகும். உறையிலிட்ட கடிதம் மாதிரி. ஆனால் உறையை ஒட்டுவதும் மாணவரின் உலாவிதான் என்பதால், உள்ளே இருப்பதை அவர் மாற்ற முடியும். போஸ்ட் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது.

மூன்றாவதாக, பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் கோரிக்கை அனுப்பலாம். இந்த வழிக்கு 2005இல் ‘ஏஜாக்ஸ்’ என்ற பெயர் வந்தது. இப்போது ஃபெட்ச் செயற்கூறு இதை எளிதாக்கிவிட்டது. இங்கே என் மாணவர்கள் ஒரு பாடவேளை முழுவதும் தடுமாறினார்கள். தரவை ஜேசன் வடிவில் அனுப்பினால், பி.எச்.பி.யின் போஸ்ட் அணி காலியாகவே இருக்கும். படிவ வடிவில் வரும் தரவை மட்டுமே அது தானாகப் பிரித்து வைக்கும். ஜேசன் என்றால் கோரிக்கையின் உள்ளடக்கத்தை அப்படியே படித்து, ஜேசன் டிகோடு செயற்கூறால் நாமே பிரிக்க வேண்டும்.

திருத்தம்

இரண்டு மாற்றங்கள் செய்தோம். முதலாவது, மதிப்பெண்ணை அனுப்புவதை நிறுத்தி, தேர்ந்தெடுத்த விடைகளை மட்டும் அனுப்பினோம். விடைக்குறிப்பும் கணக்கிடும் நிரலும் சேவையகத்துக்குப் போயின. அதுவரை விடைக்குறிப்பும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே இருந்தது. பக்கத்தின் மூல நிரலைத் திறந்தவர் எவரும் அதைப் படித்திருக்கலாம். இரண்டாவது, வந்த ஒவ்வொரு விடையும் அ, ஆ, இ, ஈ என்ற நான்கில் ஒன்றா, வினா எண் 1 முதல் 20க்குள் உள்ளதா என்று சேவையகம் சரிபார்த்தது. இதே சோதனையை உலாவியிலும் வைக்கலாம். பயனருக்கு உடனே பிழையைச் சுட்டிக்காட்ட உதவும். ஆனால் இறுதித் தீர்ப்பு சேவையகத்துடையது.

25 மதிப்பெண் எடுத்தவனிடம், “இப்போது முடிந்தால் ஏமாற்று” என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தான்.

“மார்க்கை மாத்த முடியல சார். ஆனா வரிசை எண்ணை மாத்தினா, நான் எழுதினது இன்னொருத்தன் பேர்ல பதிவாகுது.”

சரியான கண்டுபிடிப்பு. வரிசை எண்ணும் உலாவி சொன்ன செய்திதானே! கடவுச்சொல்லுடன் உள்நுழையச் செய்து, வந்திருப்பவர் யார் என்பதைச் சேவையகமே அமர்வில் குறித்துக்கொள்ளும்படி மாற்றினோம். அந்தப் பகுதியின் பெரும்பாலான வரிகளை எழுதியவன் அவனே.

வருகைப்பதிவையும் மதிப்பெண்களையும் நாம் தினமும் செயலிகளில் பதிவேற்றுகிறோம். அங்கும் இதே சீட்டுகள்தான் போய் வருகின்றன. அடுத்த முறை ஒரு மாணவர் உங்கள் நிரலில் ஓட்டை கண்டுபிடித்தால், “ஏன் செய்தாய்?” என்பதற்கு முன் “எப்படிச் செய்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்த ஒரு கேள்வியில் ஒரு வாரத்துக்கான பாடம் கிடைத்தது.