சர்க்கரைப் பதிவேடு: அச்சிடுமுன் ஒரு பார்வை

வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையை அளந்து, கைப்பேசியிலோ கணினியிலோ அட்டவணையாகக் குறித்து வைப்போர் பலர். அந்த அட்டவணையை அச்சிட்டோ பி.டி.எஃப். கோப்பாக மாற்றியோ மருத்துவரிடம் அளிக்கின்றனர். இன்சுலினைக் கூட்டுவதா, குறைப்பதா என்னும் முடிவுக்கு அது துணை நிற்கிறது. ஆகவே, அளிக்குமுன் அதன் முன்னோட்டத்தைச் சரிபார்க்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

ஓர் அட்டவணையில் தேதி, நேரம், அளவு, உணவுக்கு முன்/பின், இன்சுலின், குறிப்பு என ஆறு நிரல்கள் இருப்பதாகக் கொள்வோம். திரையில் ஆறும் தெரியும். அச்சிடும்போது முதல் மூன்று மட்டும் ஒரு தாளில் அடங்கி, எஞ்சியவை அடுத்த தாளுக்குச் சென்றுவிடலாம். அத்தாள் வீட்டிலேயே தங்கிவிட்டால், மருத்துவர் காண்பது '180' என்ற எண்ணை மட்டுமே. நீரிழிவுள்ள பெரியவர்கள் பலருக்கு உணவுக்கு முன் 80 முதல் 130 வரையும், உண்ணத் தொடங்கி 1 முதல் 2 மணி நேரத்தில் 180-க்குக் கீழும் இலக்காகக் கொள்ளப்படுகிறது. உணவுக்குப் பின் 180 என்பது எல்லையை ஒட்டியது. வெறும் வயிற்றில் அதே 180 கவனிக்க வேண்டிய உயர்வு.

முன்னோட்டத்தில் பார்க்க வேண்டியவை:

1. தாளின் திசை: தாளைக் கிடைமட்டமாக மாற்றி, எல்லா நிரல்களும் ஒரே பக்க அகலத்தில் அடங்குமாறு அமையுங்கள். எழுத்து மிகச் சிறுத்துவிட்டால் தேவையற்ற நிரலை நீக்குங்கள்.

2. தலைப்பு வரி: ஒவ்வொரு பக்கத்தின் மேலும் நிரல்களின் பெயர்கள் வர வேண்டும். நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும் இடம்பெறட்டும்.

3. தேதி: 03/04 என்பது ஏப்ரல் 3 ஆகலாம், மார்ச் 4 என்றும் கொள்ளப்படலாம். மாதத்தை எழுத்தால் குறிப்பதே நன்று.

4. அலகு: இந்தியாவில் மி.கி./டெ.லி. வழக்கம், மலேசியா, சிங்கப்பூரில் மி.மோல்/லி. வழக்கம். உறவினர் அங்கிருந்து வாங்கி அனுப்பிய கருவி 7.0 எனக் காட்டினால், அது இங்கு 126. எனவே அலகைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

5. மறைந்த பதிவுகள்: எண்ணுக்குப் பதிலாக #### தோன்றினால் அந்த நிரலை அகலப்படுத்துங்கள். வடிகட்டி இயங்கினால் சில வரிகள் மறைந்திருக்கும், அதை நீக்குங்கள். தேர்ந்தெடுத்த நாள்கள் கடந்த சந்திப்பு முதல் இன்றுவரை உள்ளனவா என்றும் பாருங்கள்.

உயர்ந்த அளவோ தாழ்ந்த அளவோ, எதையும் நீங்களாக நீக்க வேண்டாம். நள்ளிரவில் 70-க்குக் கீழ் இறங்கிய ஒரே ஒரு பதிவு விடுபட்டாலும், குறைக்க வேண்டிய இன்சுலினைக் கூட்டிவிட நேரலாம்.

இறுதியாக, பதிவேட்டை எழுதாத ஒருவரிடம் முன்னோட்டத்தைக் காட்டி, ஏதேனும் ஒரு வரியைச் சுட்டி, 'இது எந்த நாள், எந்த வேளை, உண்பதற்கு முன்னா பின்னா?' என்று கேளுங்கள். அவர் தயங்காமல் விடை கூறினால், அத்தாள் மருத்துவரின் கைக்குச் செல்லலாம்.