மண் மண்டபங்களை மீட்ட ஊர்

சங்க அங்கத்தினர்கள் கூடிப் படிக்கும் இம்மாதப் பாடத்திற்குத் தொலைவிலுள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறோம். அது மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டைச் சேர்ந்த திம்புக்டு நகரம். போரில் இடிந்த மண் மண்டபங்களை அவ்வூரார் மறுபடியும் எழுப்பினர். அது எங்ஙனம் இயன்றது என்பதை அறிவது, கூட்டாகத் தொழில் செய்யும் நமக்குப் பயன் தரும்.

ஊரும் மண்ணும்

சஹாரா பாலைவனத்தின் தென் விளிம்பில், நைஜர் ஆற்றுக்குச் சற்று வடக்கே அந்நகரம் அமைந்துள்ளது. முற்காலத்தில் உப்பும் பொன்னும் ஏடுகளும் கைமாறிய வணிக ஊர் அது. கற்றோர் பலர் வாழ்ந்த கல்வி நகரமும் ஆகும். மன்னர் மூசா காலத்தில், 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜிங்கரேபெர் பள்ளிவாசல் இன்றும் அங்கு நிற்கிறது. நகரைச் சுற்றிலும், இறைநேயர்களும் அறிஞர்களும் அடங்கிய சிறு மண்டபங்கள் உள்ளன. நம் நாட்டில் தர்கா என்று வழங்குவதற்கு ஒப்பானவை இவை. மூன்று பள்ளிவாசல்களையும் 16 மண்டபங்களையும் 1988-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாகப் பதிவு செய்தது.

இக்கட்டடங்களுக்கு முதன்மையான பொருள் மண்ணே. மண்ணை நீரில் ஊறவைத்து, நெல் உமியும் வைக்கோலும் கலந்து, பல நாள் புளிக்கவிட்டு மிதிப்பர். அதைக் கல்லாக அறுத்து வெயிலில் உலர்த்திச் சுவர் எழுப்பி, அதே சேற்றால் மேற்பூச்சு இடுவர். அல்ஹோர் எனப்படும் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லையும் இடையிடையே சேர்ப்பதுண்டு. உமியும் வைக்கோலும் கலப்பதால், மண் காயும்போது அதிகம் வெடிப்பதில்லை. உழவர் வீணென்று தள்ளும் பொருளே அங்கு சுவரைத் தாங்குகிறது.

பூச்சு வேலை

மண்சுவருக்கு மழையே பகை. பூச்சு கரைந்தால் சுவரும் கரையும். ஆகவே, குறித்த காலங்களில் மறுபூச்சு இட்டாக வேண்டும். திம்புக்டுவில் கொத்தனார்களுக்கென ஒரு தொழிற்குழு உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு வித்தை வருகிறது. அவர்கள் முன்நிற்க, ஊரார் திரண்டு பூசுவர். ஒவ்வொரு மண்டபத்தையும் பேணும் பொறுப்பு ஒரு குடும்பத்திற்கு உரியது. மாலியின் மற்றொரு நகரமான ஜென்னேயில் பெரிய பள்ளிவாசலுக்கு மறுபூச்சு இடும் நாள் ஊர்த் திருவிழாவே ஆகும். அன்று பெண்கள் நீர் கொணர்வர். இளைஞர் சேறு சுமப்பர். கொத்தனார்கள் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கழிகளின்மேல் ஏறிப் பூசுவர்.

அழிவு

2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆயுதக் குழுக்கள் திம்புக்டுவைக் கைப்பற்றின. மண்டபங்களில் வழிபடுவது தகாது என்று கூறிய அன்சார் தீன் இயக்கத்தார், அவ்வாண்டு ஜூன் 30 முதல் அவற்றைக் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு இடிக்கத் தொடங்கினர். பதிவு பெற்ற 16 மண்டபங்களில் 14 அழிந்தன. சிதி யஹியா பள்ளிவாசலில், வழிவழியாகத் திறவாது வைத்திருந்த கதவும் பெயர்க்கப்பட்டது. தம் முன்னோர் பூசிய சுவர்கள் வீழ்வதை ஊரார் வாளாவிருந்து காண நேர்ந்தது. 2013 ஜனவரியில் பிரெஞ்சுப் படையும் மாலிப் படையும் நகரை மீட்டன.

மீட்பு

மண்டபங்களின் மறுகட்டுமானம் 2014 மார்ச்சில் தொடங்கியது. யுனெஸ்கோவும் வேறு நாடுகளும் பொருளுதவி செய்தன. மாலி அரசு துணை நின்றது. ஆயினும் வேலை உள்ளூர்க் கொத்தனார்கள் கையிலேயே விடப்பட்டது. அவர்கள் இடிபாட்டின் அடியில் எஞ்சிய அடித்தளத்தைத் தோண்டி அளந்தனர்; பழைய நிழற்படங்களை ஒப்பிட்டனர்; முதியோரையும் காப்பாளர் குடும்பங்களையும் கேட்டறிந்தனர். 2015 ஜூலைக்குள் 14 மண்டபங்களும் எழுந்தன. 2016 பிப்ரவரி 4-ஆம் நாள் திருக்குர்ஆன் ஓதி, பலியிட்டு, அவற்றை மீண்டும் புனிதமாக்கினர்.

அதே ஆண்டு செப்டம்பரில், தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம், இடிப்பில் முன்நின்ற அகமது அல் மஹ்தி என்பவருக்கு 9 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கோரினார். 2017-இல் 27 லட்சம் யூரோ இழப்பீட்டுக்கும் அவர் பொறுப்பென அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் வடமாலியில் போர் முற்றிலும் ஓய்ந்தபாடில்லை. ஐக்கிய நாடுகளின் அமைதிப் படையும் 2023-ஆம் ஆண்டு இறுதியில் தன் பணியை முடித்துக்கொண்டது. எழுந்த சுவர்களைக் காப்பது மறுபடியும் ஊராரின் கடமையாயிற்று.

நமக்குரிய பாடம்

மறுபடி கட்டிய மண்டபம் பழைய மண்டபமாகுமா என்று சிலர் வினவலாம். கல்லில் செதுக்கிய சிற்பம் உடைந்தால், அச்சிற்பியின் கை திரும்ப வராது. மண்கட்டடத்தின் இயல்பு வேறு. அதன் பூச்சு தலைமுறைதோறும் பலமுறை புதுப்பிக்கப்பட்டது. புதுப்பிக்கும் முறையே மாறாது நின்றது. இடித்தவர்கள் சுவரை அழித்தனர். சேற்றின் பதம் அறிந்த கைகளும், கூடிப் பூசும் வழக்கமும் எஞ்சியிருந்தன. அவை எஞ்சியிராவிடில், எவ்வளவு பொருளுதவி வந்திருந்தாலும் அவ்வூர் வெளியாரையே நம்பியிருக்க நேர்ந்திருக்கும்.

நம் சங்கத்தின் கணக்கேட்டில் கட்டடமும் தறியும் கிடங்கும் ஆஸ்தியாக எழுதப்படுகின்றன. பாவுக்குக் கஞ்சி இடும் பதம், விதைநெல் தேறும் கண், சாயம் கூட்டும் அளவு ஆகியவை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. வெள்ளமோ தீயோ முன்னவற்றைக் கொண்டுபோனால் கடன் வாங்கி மீட்கலாம். பின்னவை மறைந்தால் கடன் தருவார் எவருமில்லை. அவற்றை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ள காலத்திலேயே இளைஞருக்குக் கற்பித்துவிடுதல் நம் கடமை.

கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் ஒருவர் அல்லது இருவர் மட்டுமே அறிந்த வேலை யாது? அதை யாருக்குக் கற்பிக்கலாம்?

2. ஆண்டுதோறும் அனைவரும் கூடிச் செய்த எந்தப் பணியை நாம் கைவிட்டோம்? அதனால் இழந்தது என்ன?

3. வெளியிலிருந்து பொருளுதவி வருங்கால், வேலையை நம் கையில் வைத்துக்கொள்வது எவ்வாறு?