எருக்கஞ்செடிக்கு வரும் விருந்தாளி

தில்லியில் மே மாதம். காலை ஆறு மணிக்கே வெயில் வந்துவிடும். பகலில் அனல் காற்று வீசும். அதை அங்கே 'லூ' என்பார்கள். சில நாள்களில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். தெருநாய்கூட நிழலை விட்டு நகராது.

இந்த வெயிலில் சிலர் காட்டுப் பக்கம் போகிறார்கள். ஒரு தண்ணீர்ப் புட்டி. தலையில் துண்டு. தோளில் கேமரா. இப்போது பலரிடம் கேமராவும் இல்லை, செல்பேசிதான். அவர்கள் பார்க்கப் போவது புலியை அல்ல, யானையை அல்ல. வண்ணத்துப்பூச்சியை!

அவர்கள் போகும் இடங்களில் ஒன்று அசோலா-பட்டி சரணாலயம். தில்லியின் தெற்கு எல்லையில் இருக்கிறது. துக்ளகாபாத் கோட்டையைத் தாண்டிப் போக வேண்டும். பரப்பு 32 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ராஜஸ்தானிலிருந்து நீண்டு வரும் ஆரவல்லி மலையின் வடக்கு நுனி இந்தப் பக்கம்தான் முடிகிறது. மலை என்றால் நம் பழனி மலை போல நினைக்க வேண்டாம். கல்லும் முள்ளும் நிறைந்த மேடு பள்ளம்தான்.

அந்தப் பள்ளங்கள் எல்லாம் தாமாக உண்டானவை அல்ல. மனிதர்கள் தோண்டியவை. அங்கே கல்லும் சிவந்த மணலும் எடுத்தார்கள். அந்த மணலுக்குப் 'பதர்பூர்' என்று பெயர். தில்லியில் எத்தனையோ வீடுகளின் சுவருக்குள் அந்த மணல் இருக்கிறது. தோண்டத் தோண்டப் பள்ளம் ஆழமானது. மரம் போயிற்று. புதர் போயிற்று. மேல்மண்ணும் போயிற்று.

1986இல் அசோலா பகுதியைச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 1991இல் பட்டி சுரங்கப் பகுதியையும் அதில் சேர்த்தார்கள். சுரங்க வேலை நின்றது. அதை நம்பி இருந்த தொழிலாளிகளுக்குப் பிழைப்பும் நின்றது. காடு திரும்பிய கதையைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு மழைநீர் குழிகளில் தேங்கியது. சில குழிகள் ஏரி ஆயின. முன்னாள் படைவீரர்களைக் கொண்ட ஒரு படைப்பிரிவு அங்கே மரக்கன்று நட்டது. ஆனால் இன்னொரு தொல்லை இருந்தது. அது நமக்கும் தெரிந்த தொல்லைதான். சீமைக் கருவேல்! ராமநாதபுரத்தில் இருக்கும் அதே முள்மரம். தில்லியில் அதைக் 'கீக்கர்' என்கிறார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் கொண்டுவந்து வைத்தது. அது பரவிய இடத்தில் மற்றச் செடிகள் தலை எடுப்பது கடினம்.

சரி, செடிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன தொடர்பு? பூவில் தேன் குடிக்கும், அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் இல்லை. வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு சாப்பாடு உண்டு. பெரியதான பிறகு தேன். அதற்கு முன்பு, புழுவாக இருக்கும்போது, இலை. தேன் எந்தப் பூவில் கிடைத்தாலும் பரவாயில்லை. இலை அப்படி அல்ல. ஒவ்வொரு வகைப் புழுவுக்கும் அதற்கென்று சில செடிகள்தான். அந்தச் செடி இல்லாவிட்டால் புழு பட்டினியால் சாகும்.

உண்ணிச்செடியைப் பாருங்கள். வேலி ஓரத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கும். நல்ல செடி என்று தோன்றும். ஆனால் அது வெளிநாட்டுச் செடி. அதன் இலையை நம் ஊர்ப் புழுக்கள் அநேகமாகத் தொடுவதே இல்லை. அது சாப்பாடு போடும் ஓட்டல். பிள்ளை வளர்க்கும் வீடு அல்ல.

பிள்ளை வளர்க்கும் வீடு எது? நாம் மதிக்காத செடிகள்தான். எருக்கு. ஆமணக்கு. ஆதொண்டை. ஆவாரை. தில்லி மேட்டில் கரீல் என்ற புதர் உண்டு. இலை மிகக் குறைவு, முள் அதிகம். அதன் காயை ஊறுகாய் போடுவார்கள். கோடையில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு வண்ணத்துப்பூச்சி அதைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். அதன் புழு அந்தக் கரீலைத்தான் தின்னும். உகாய் மரத்தை நம்பி வாழும் இன்னொன்று உண்டு. அது வெளிறிய செம்மஞ்சள் நிறம். மக்கள் பல் துலக்கக் குச்சி ஒடிப்பார்களே, அந்த உகாய்தான்.

எருக்கின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். அதற்குத் தில்லி போக வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் சாலை ஓரத்திலும் இருக்கும்.

எருக்கஞ்செடியைச் சுற்றி ஒரு வண்ணத்துப்பூச்சி மெதுவாகப் பறக்கும். வெந்தய நிறம். இறக்கை நுனி கறுப்பு. அந்தக் கறுப்பில் வெள்ளைப் பட்டை. இதற்கு வெந்தய வரியன் என்று பெயர். பெண்பூச்சி இலைமேல் வந்து உட்காரும். காலால் இலையைத் தட்டும். ஏன் தெரியுமா? அதற்குக் காலில்தான் சுவை தெரியும். எருக்குதான் என்று தெரிந்த பிறகு இலையின் அடியில் ஒரு முட்டை இடும். ஒரே ஒரு முட்டை. பிறகு அடுத்த இலைக்குப் போகும்.

முட்டையிலிருந்து புழு வரும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வளையம் வளையமாக இருக்கும். முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். எருக்கம்பால் நஞ்சு என்பது நமக்குத் தெரியும். ஆட்டுக்காரர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இந்தப் புழு அந்த இலையைத் தின்று நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைக்கிறது. பூச்சியாக மாறிய பிறகும் நஞ்சு உடம்பில் இருக்கிறது. ஒருமுறை தின்ற பறவை வாந்தி எடுக்கும். மறுபடி அந்த நிறத்தின் பக்கம் போகாது. அதனால்தான் வெந்தய வரியன் அவசரம் இல்லாமல் பறக்கிறது. அதற்கு என்ன பயம்?

இதைப் பார்த்து வேடம் போடும் பூச்சியும் உண்டு. அதன் ஆண் கறுப்பு, வெள்ளை வட்டம் போட்டது. பெண் மட்டும் வெந்தய வரியனைப் போலவே இருக்கும். அதன் உடம்பில் எருக்கின் நஞ்சு கிடையாது. அதன் புழு தின்பது பருப்புக்கீரை. நாம் கடைந்து சாப்பிடும் கீரைதான். வேடத்தைப் பார்த்தே பறவை விலகிப் போகும். அசல் எது, போலி எது என்று கண்டுபிடிப்பதில் பழகியவர்களே ஏமாறுவது உண்டு.

வெந்தய வரியன் மனிதனுக்கு மிகப் பழைய பழக்கம். எகிப்து நாட்டில் நெபாமூன் என்பவருடைய கல்லறையில் சுவர் ஓவியம் இருந்தது. வயது 3,300 ஆண்டுக்கும் மேல். அதில் இந்தப் பூச்சியை வரைந்திருக்கிறார்கள். இன்றைக்கும் பார்த்தால் அடையாளம் தெரிகிறது. அந்த ஓவியம் இப்போது லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அன்று தூரிகையால் செய்ததை இன்று கேமராவால் செய்கிறார்கள். எப்படிச் செய்வது?

முதலில் நேரம். கோடையில் நடுப்பகலில் போவது வீண். பூச்சிகள் இலைக்கு அடியில் ஒதுங்கிவிடும். காலையில் வெயில் படும்போது இறக்கையை விரித்து உட்காரும். உடம்பு சூடானால்தான் அவற்றால் பறக்க முடியும். அந்த நேரமே படம் எடுக்க ஏற்ற நேரம். சரணாலயத்தின் கதவு எப்போது திறக்கும் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே குரங்குகளும் அதிகம். நகரத்தில் பிடித்த குரங்குகளைக் கொண்டுவந்து விட்ட இடம் அது. கையில் வாழைப்பழம் தெரியக் கூடாது!

பிறகு இடம். பூத்த செடி ஒன்று. இன்னொன்று ஈர மண். கைப்பம்பு ஒழுகும் இடத்தில், தொட்டி வழியும் இடத்தில், பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சும். மண்ணில் உள்ள உப்புக்காக வருகின்றன. பெரும்பாலும் ஆண்கள்தான். அப்போது அவை எளிதில் எழுந்து பறப்பதில்லை.

மூன்றாவது, பொறுமை. நின்றபடி நேராகப் போனால் பறந்துவிடும். குனிந்து, மெதுவாகப் போக வேண்டும். நம் நிழல் அதன்மேல் விழவே கூடாது. நிழல் விழுந்தால் பகைவன் வந்தான் என்று நினைக்கும். முதலில் தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பிறகு ஓர் அடி நகர வேண்டும். மறுபடி ஒரு படம். இறக்கையின் மேல்பக்கம் ஒரு நிறம், கீழ்ப்பக்கம் வேறு நிறமாக இருக்கும். இரண்டையும் எடுத்தால்தான் பெயர் கண்டுபிடிக்க முடியும்.

கையால் பிடித்து வைத்துப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இது தவறு. இறக்கையைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டும். அது பொடி அல்ல, சின்னஞ்சிறு செதில். நிறமே அதில்தான் இருக்கிறது. உதிர்ந்தால் மறுபடி முளைக்காது.

படம் எடுத்தால் வேலை முடிந்ததா? இல்லை. எழுத வேண்டும்.

டோர்பன் லார்சன் என்று ஒருவர். டென்மார்க் நாட்டுக்காரர். பொருளாதாரம் படித்தவர். 1980களில் தில்லியில் வாழ்ந்தார். ஓய்வு நேரத்தில் பூச்சிகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தார். தில்லி வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய பட்டியல் 2002இல் அச்சானது. அப்படி எழுதி வைத்ததால்தான் இன்று ஒப்பிட முடிகிறது. எது குறைந்தது, எது புதிதாக வந்தது என்று சொல்ல முடிகிறது. 2020 முதல் செப்டம்பர் மாதத்தில் நாடு முழுவதும் பொதுமக்களே வண்ணத்துப்பூச்சிகளைக் கணக்கெடுக்கிறார்கள். அதில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, வீட்டுப் பெண்களும் உண்டு.

தில்லியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கறிவேப்பிலைத் தொட்டி இல்லாத வீடு அரிது. அங்கே அந்தச் செடியை வளர்ப்பது லேசான வேலை இல்லை. குளிர்காலத்தில் இலை கொட்டும். கோடையில் துளிர்க்கும். துளிர்த்ததும் புழு வரும்.

"அக்கா, மருந்து அடிங்க. இல்லேன்னா ஒரு இலை மிஞ்சாது" என்பார் பக்கத்து வீட்டுப் பெண்.

"குழம்புல போடுற இலையில மருந்தா? வேணாம் தங்கச்சி" என்பார் இவர்.

இவர் சொல்வது சரிதான். அந்தப் புழு முதலில் பறவை எச்சம் போல இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகும். தொட்டால் தலையிலிருந்து சிவந்த கொம்பை நீட்டும். நாற்றம் அடிக்கும். கடிக்காது. மூன்று நான்கு வாரத்தில் முட்டை, புழு, கூடு எல்லாம் முடிந்து வண்ணத்துப்பூச்சி ஆகிவிடும். செடி பெரியதாக இருந்தால் ஒன்றிரண்டு புழுவால் சாகாது. மறுபடி துளிர்க்கும். செடி சிறியதாக இருந்தால்? புழுவை மெல்ல இலையோடு எடுத்து, பூங்காவில் உள்ள எலுமிச்சைச் செடியில் விடலாம். அந்த இலையையும் அது தின்னும்.

எழுதுவதற்குப் பெரிய நோட்டு வேண்டாம். பிள்ளையின் பழைய நோட்டில் மிஞ்சிய பக்கம் போதும். தேதி, நேரம், இடம், செடியின் பெயர், பார்த்தது. இப்படி:

மே 18. காலை 7 மணி. ரயில் பாதை ஓரம். எருக்கஞ்செடி. வெந்தய வரியன் 2. இலைக்கு அடியில் முட்டை 1. நாளை மறுபடி பார்க்க வேண்டும்.