தெரியாத தந்தையைத் தேடுகிறீர்களா?

பெற்ற தந்தை யாரென்று அறிய டிஎன்ஏ பரிசோதனை செய்பவர்கள், டிஎன்ஏ பொருந்துவோர் பட்டியலில் அவர் பெயரே வந்து நிற்கும் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் கிடைப்பது தூரத்து உறவுகள்தான், அவர்களே வழிகாட்டிகள். முடிந்தால் அம்மாவையும் அதே நிறுவனத்தில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவரோடும் பொருந்துகிறவர்களை ஒதுக்கினால் மிஞ்சுவது அப்பா வழி. ஒருவரோடு பொருத்தம் ஏறக்குறைய 1,750 சென்டிமார்கன் (பகிரும் டிஎன்ஏவின் அளவு) என்றால் அவர் உங்கள் அப்பாவின் இன்னொரு பிள்ளையாகவோ, அத்தை, சித்தப்பாவாகவோ இருக்கலாம். 850 என்றால் அவர்களுடைய பிள்ளையாக இருக்கலாம். வயதை வைத்துப் பிரித்துப் பாருங்கள். தமக்குள் பொருந்தாத இரண்டு அப்பா வழி உறவினர்களின் குடும்ப மரங்களை வரைந்து, அவை எந்தத் திருமணத்தில் சந்திக்கின்றன என்று தேடுங்கள். அந்தத் தம்பதியின் மகன்களில் ஒருவரே நீங்கள் தேடுபவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த எண்களை நம்பலாமா என்று கேட்பது நியாயமே. அத்தை மகன், மாமன் மகள் திருமணங்கள் தலைமுறைகளாக நடந்த நம் குடும்பங்களில் தூரத்து உறவும் நெருங்கியதாகத் தெரியும். அங்கே எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. இன்னொருவர் குடும்பத்தில் புயல் கிளப்பலாமா என்றும் கேட்பார்கள். தன் பிறப்பை அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டு. பிரிட்டன் 2005இலேயே விந்துக் கொடையாளரின் பெயர் மறைப்பை நீக்கியது. ஆனாலும் முதல் கடிதத்தை அந்தத் தந்தைக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். அவர் மனைவி, மக்களுக்கு அல்ல.